இடது கை காட்டிய இடம்

பிப்ரவரி 9

அன்புள்ள அண்ணிக்கு,

வீடு வந்து சேர்ந்தேன். பஸ்ஸில் பக்கத்து இருக்கைக்காரர் வழி முழுக்க யாரையோ போனில் திட்டிக்கொண்டே வந்தார். உங்களிடம் நான் பேச நினைத்ததை எல்லாம் அவரே பேசித் தீர்த்துவிட்டதுபோல் இருந்தது. அதனால் இந்தக் கடிதம் நான் நினைத்ததைவிடக் கொஞ்சம் நிதானமாகவே வரும்.

முதலில் மன்னிப்பு. ஞாயிற்றுக்கிழமை சபையில் ஆராதனை நடுவில் நான் எழுந்து போயிருக்கக் கூடாது. அதுவும் முன் வரிசையிலிருந்து, இந்தக் கட்டைச் செருப்பைப் போட்டுக்கொண்டு. வாசலில் வைத்து உங்களிடம் "இது பொய்ச் சாட்சி" என்று சொன்னதும் தப்பு. அந்த வார்த்தையைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன். ஆனால் அந்த வார்த்தை எதற்காக வந்ததோ அதை எடுத்துக்கொள்ள முடியவில்லை.

சாட்சி சொல்லும் நேரம் வந்ததும் நீங்கள் மைக்கை வாங்கி, "என் வீட்டுக்காரர் நேத்து கையைத் தூக்கிட்டார்! பரலோகத்தைக் காட்டுறார்! சீக்கிரமே இதே இடத்துல நின்னு பாடுவார்!" என்றீர்கள். சபை எழுந்து நின்று கைதட்டியது. அண்ணி, அவர் தூக்கியது இடது கை. இடது கைக்கு ஒன்றுமே ஆகவில்லை. பக்கவாதம் வந்தது வலது பக்கம். அங்கே கைதட்டிய யாருக்கும் அது தெரிந்திருக்காது. உங்களுக்குத் தெரியும்.

நான் எழுந்தது அதற்காகக்கூட இல்லை. கைதட்டல் நடந்துகொண்டிருந்தபோது அண்ணனைப் பார்த்தேன். சக்கர நாற்காலியில், தலையைக் குனிந்துகொண்டு, அந்த இடது கையைப் போர்வைக்குள் இழுத்துக்கொண்டார். தப்பு செய்து மாட்டிக்கொண்ட பிள்ளை மாதிரி. அதைப் பார்த்துக்கொண்டு என்னால் உட்கார முடியவில்லை.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். நான் சொன்ன பயிற்சி மையம் என் வீட்டிலிருந்து நடந்து போகிற தூரம். பக்கவாதம் வந்தவர்களை மூன்று மாதம் அங்கேயே வைத்து, நடக்கவும் பேசவும் பழக்குகிறார்கள். அண்ணனுக்கு ஒரு கட்டில் ஒதுக்கச் சொல்லியிருக்கிறேன். மார்ச் கடைசிவரை அதை நமக்காக வைத்திருப்பார்கள். பிறகு வேறு ஒருவருக்குப் போய்விடும். தினமும் காலையும் மாலையும் நான் போய்ப் பார்ப்பேன்.

நீங்கள் இளைத்துவிட்டீர்கள். மோதிரம் கழன்று விழாமலிருக்க நூல் சுற்றியிருந்ததைப் பார்த்தேன். கேட்டிருந்தால் "தைக்கும்போது வழுக்குது, அதான்" என்று சொல்லியிருப்பீர்கள். அதனால் கேட்கவில்லை.

போன் செய்தேன். நீங்கள் எடுக்கவில்லை. கோபம் என்று புரிந்துகொள்கிறேன்.

பாப்பா
(என் மாணவர்கள் இந்தக் கையெழுத்தைப் பார்க்காமலிருக்கக் கடவர்கள்.)


பிப்ரவரி 17

அன்புள்ள பாப்பாவுக்கு,

ஸ்தோத்திரம். இந்த வார்த்தை உனக்குப் பிடிக்காது என்று தெரியும். பேனா என் கையில் இருக்கிறது, என்ன செய்ய?

போன் எடுக்காதது கோபத்தால் மட்டும் இல்லை. போன் இருப்பது உன் அண்ணன் தலைமாட்டில். யார் கூப்பிட்டாலும் முதல் கேள்வி "எப்படி இருக்கார்?" போன வாரம் பெரியம்மா மகளிடம் "அப்படியேதான் இருக்கார்" என்றேன். அவ்வளவுதான், இவர் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். மதியச் சாப்பாட்டைத் தொடவில்லை. வாய்தான் போயிற்று, காது ரொம்பக் கூர்மையாகிவிட்டது. அதனால் எதுவானாலும் எழுது. நான் தையல் மெஷினில் உட்கார்ந்து படித்தால், ஏதோ அளவுச் சீட்டு படிக்கிறேன் என்று நினைத்துக்கொள்வார்.

வலது கையா இடது கையா என்று எனக்குத் தெரியாதா? தினமும் அந்த இரண்டு கைக்கும் சட்டை மாட்டுகிறவள் நான். படித்தவள் என்பதற்காக எனக்கு இடது வலது சொல்லிக் கொடுக்க வேண்டாம்.

உனக்குத் தெரியாததைச் சொல்கிறேன். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த நாளிலிருந்து அந்த நல்ல கையும் வயிற்றின் மேலேயே கிடந்தது. தண்ணீர் வேண்டுமென்றாலும் தூக்க மாட்டார். ஈ உட்கார்ந்தாலும் தூக்க மாட்டார். எதுவுமே வேண்டாதவராகிவிட்டார். டாக்டர் அதற்கு ஒரு பெயர் சொன்னார், நான் மறந்துவிட்டேன், மறக்கவே விரும்பினேன். அந்தச் சனிக்கிழமை, நீ கடைத்தெருவுக்குப் போயிருந்தபோது, அவராக அந்தக் கையைத் தூக்கினார். மேலே காட்டினார். என்னைப் பார்த்தார், மறுபடி மேலே காட்டினார். செத்த மாதிரி கிடந்த மனுஷன் மேலே கை காட்டினால் நீ என்ன சொல்வாய்? நான் கடவுள் என்று சொன்னேன். அது பொய் என்றால் இருந்துவிட்டுப் போகட்டும்.

மையம் வேண்டாம். என் மெஷினுக்கு எதிரில் காலண்டர் தொங்குகிறதே, கிறிஸ்து பெலப்படுத்துவதால் எல்லாவற்றையும் செய்ய முடியும் என்ற வசனம், அதைப் பார்த்துக்கொண்டுதான் ஒவ்வொரு நாளும் மிதிக்கிறேன். அதில் ‘எல்லாவற்றையும்’ என்றுதான் இருக்கிறது. ‘நாத்தனார் உதவியோடு’ என்று இல்லை.

நீ கொண்டுவந்த சட்டைப் பாக்கெட்டை அன்றைக்கே அலமாரி மேல் தூக்கிப் போட்டுவிட்டேன். பட்டனுக்குப் பதில் ஒட்டுப்பட்டை வைத்த சட்டை. தையல் கோணல், அது வேறு விஷயம். ஊருக்கெல்லாம் உடம்புக்குத் தகுந்தபடி துணியை மாற்றித் தருகிறேன். குண்டானவர்களுக்குப் பிரித்துத் தருகிறேன், இளைத்தவர்களுக்குப் பிடித்துத் தருகிறேன். ஆனால் அவர் சட்டையில் மட்டும் கத்தரி வைக்க மாட்டேன். பட்டனை எடுத்துவிட்டு அந்தப் பட்டையைத் தைத்தால், இனிமேல் இவர் பட்டன் போடப் போவதில்லை என்று நானே ஒப்புக்கொண்டதாகும். அதற்கு நான் தயாரில்லை.

உன் மன்னிப்பு கிடைத்தது. நானும் மன்னிக்க முயற்சி செய்கிறேன். இப்போதைக்கு முயற்சிதான்.

அண்ணி


மார்ச் 6

அன்புள்ள அண்ணிக்கு,

எதிர் வீட்டு நர்ஸம்மா எனக்குப் போன் செய்தார். குளியலறையில் இருவரும் விழுந்திருக்கிறீர்கள். உங்களுக்கு இடுப்பில் அடி. எழுந்து நடக்கக் கூடாதென்று டாக்டர் சொல்லியிருக்கிறார். இது நடந்து இத்தனை நாள் ஆகியும் உங்களிடமிருந்து ஒரு வரி இல்லை. நான் அவ்வளவு அந்நியமாகிவிட்டேனா?

எங்கள் கல்லூரிச் சோதனைக்கூடத்தில் என் வேலை பொருட்களை உடைப்பது. கான்கிரீட் கட்டி, இரும்புக் கம்பி, எது வந்தாலும் இயந்திரத்தில் பூட்டி உடையும்வரை பார்ப்போம். ஒரே மூச்சில் பெரிய பாரம் வைத்தால் தாங்குகிற கம்பி, அதில் பாதி பாரத்தைத் திரும்பத் திரும்ப வைத்தால் ஒரு நாள் திடீரென்று முறிந்துவிடும். முந்தின நிமிஷம்வரை பார்ப்பதற்கு நன்றாகவே இருக்கும். இதை நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. லிப்ட் மெக்கானிக்கின் மனைவி நீங்கள். "அறுந்த பிறகு கயிறு மாத்துறவன் மெக்கானிக் இல்ல, கொலைகாரன்" என்று அண்ணன் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து சொல்வதை நீங்களும் கேட்டிருக்கிறீர்கள்.

உங்கள் காலண்டர் வசனத்துக்கு வருகிறேன். ஞாயிறு பள்ளியில் அந்த வசனம் வருகிற நிருபத்தை முழுக்க ஒப்பித்துப் பரிசு வாங்கியவள் நான். பரிசு ஒரு சோப்பு டப்பா. நேற்று வேதாகமத்தைத் தேடினேன். அகராதிகளுக்குப் பின்னால் விழுந்து கிடந்தது. தூசி தட்டிப் படித்தேன்.

அந்தக் கடிதத்தை எழுதியவர் சிறையில் இருக்கிறார். எழுதும்போது விடுதலை ஆகவில்லை. அந்த வசனத்துக்கு முந்தின வரிகளைப் பாருங்கள். தாழ்ந்திருக்கவும் வாழ்ந்திருக்கவும், பசித்திருக்கவும் திருப்தியாக இருக்கவும் பழகிவிட்டேன் என்கிறார். எந்த நிலையிலும் மனரம்மியமாக இருக்கக் கற்றுக்கொண்டேன் என்கிறார். ‘எல்லாவற்றையும்’ என்று அவர் சொல்வது இவற்றைத்தான். சுவரை உடைத்துக்கொண்டு வெளியே வருவதை அல்ல. சிறைக்குள் இருப்பதை.

அதற்கு அடுத்த வரியை எந்தக் காலண்டரிலும் நான் பார்த்ததில்லை. ஆனாலும் நீங்கள் என் துன்பத்தில் பங்கெடுத்தது நல்ல காரியம் என்கிறார். எனக்குப் பெலன் இருக்கிறது என்று சொன்ன மூச்சு அடங்குமுன்னே, உதவி அனுப்பியவர்களுக்கு நன்றி. ‘கடவுள் இருக்கிறார், உங்கள் உதவி எதற்கு’ என்று திருப்பி அனுப்பவில்லை. நான் விசுவாசி இல்லை, உங்களுக்குத் தெரியும். ஆனால் ஒரு பக்கத்தை முழுக்கப் படிக்க எனக்குத் தெரியும்.

சட்டையைப் பற்றி ஒன்று. வந்த அன்றைக்கு, நீங்கள் சமையலறையில் இருந்தபோது, அதை அண்ணனிடம் காட்டினேன். பட்டையை எப்படி ஒட்டுவது, எப்படிப் பிரிப்பது என்று செய்து காட்டினேன். அவர் இடது கையால் தானே ஒட்டினார். பிரித்தார். சர்ரென்று சத்தம் வந்தது. மறுபடி ஒட்டினார், மறுபடி சர். பழைய மெக்கானிக் புது சாமானைப் பார்க்கிற பார்வை அது. உங்களிடம் சொல்ல நினைத்தேன். அதற்குள் ஞாயிற்றுக்கிழமை வந்துவிட்டது.

மையத்திலிருந்து மறுபடி கேட்டார்கள். மாதக் கடைசி வரைதான். தயவுசெய்து பதில் எழுதுங்கள்.

பாப்பா


மார்ச் 14

அன்புள்ள பாப்பாவுக்கு,

படுத்துக்கொண்டு எழுதுகிறேன், கையெழுத்து கோணலாகத்தான் வரும். நர்ஸம்மா ஊசியைத்தான் சத்தமில்லாமல் போடுவாள். வாய் விஷயத்தில் அப்படி இல்லை. அவளைத் திட்டினேன். "நீங்க சொல்லமாட்டீங்கன்னு தெரியும், அதான் நான் சொன்னேன்" என்று சொல்லிவிட்டு என் முதுகில் தைலம் தேய்க்க ஆரம்பித்துவிட்டாள்.

விழுந்ததைச் சொல்கிறேன். குளிப்பாட்டி முடித்து அவரை ஸ்டூலிலிருந்து தூக்கினேன். "கர்த்தாவே, பெலன் தாரும்" என்று சொல்லிக்கொண்டுதான் தூக்கினேன். தாரும் என்று சொல்லி முடிக்கவில்லை, இருவரும் தரையில். அவர் என் மேல். வாளி எங்கள் இருவர் மேலும். சோப்பு ஒரு மூலைக்கு ஓடிப் போயிற்று. அவர் என் முகத்தைப் பார்த்தார். நான் அழப் போகிறேன் என்று நினைத்தேன். அதற்குள் அவர் சிரித்துவிட்டார். வாய் ஒரு பக்கம்தான் போனது, சத்தம் இருமல் மாதிரி வந்தது, ஆனால் சிரிப்புதான். நோய் வந்ததிலிருந்து அந்தச் சத்தத்தை நான் கேட்டதில்லை. நானும் சிரித்தேன். அப்புறம் எழுந்திருக்கப் பார்த்தேன், முடியவில்லை. அப்போதுதான் அழுதேன்.

ஒன்றை உனக்குத்தான் சொல்ல முடியும். சபையில் யாரிடமும் சொல்ல முடியாது. சாட்சி சொன்ன பிறகு நான் ஜெபிப்பதே குறைந்துவிட்டது. பார்க்கிறவர்கள் எல்லாம் "இன்னும் பாட ஆரம்பிக்கலையா, சிஸ்டர்?" என்று கேட்டார்கள். கேட்பவர்களுக்குப் பயந்து இரண்டு ஞாயிறு நான் போகவில்லை. நானே சொல்லிவிட்டேன், இனி கடவுள் செய்தே ஆக வேண்டும் என்று அவர் கழுத்தில் கத்தரியை வைத்த மாதிரி ஆகிவிட்டது. அப்படி ஒருவரிடம் என்ன பேச முடியும், சொல்.

நான் விழுந்தது கேட்டு பாஸ்டரம்மா வந்தார்கள். பக்கத்தில் உட்கார்ந்து, மெதுவாக, "வீட்ல யாருக்காவது அவிசுவாசம் இருக்கா, சிஸ்டர்? உங்க நாத்தனார் வந்துட்டுப் போனாங்களே..." என்று இழுத்தார்கள். "இருக்குங்க. எனக்குத்தான்" என்றேன். அம்மா காபியைக் குடிக்காமலே போய்விட்டார்கள்.

இப்போது நான் சொல்லப் போவதைப் படித்துவிட்டு நீ சிரிக்கலாம். அனுமதி உண்டு.

நான் சமமாகப் படுக்க வேண்டும் என்றதால், நர்ஸம்மா என்னை அவர் கட்டிலில் படுக்க வைத்து, அவரைச் சக்கர நாற்காலியில் பக்கத்தில் உட்கார வைத்தாள். அவர் தலையணையில் என் தலை. இந்த வீட்டில் இத்தனை வருஷம் இருக்கிறேன், அங்கிருந்து பார்த்தால் என்ன தெரியும் என்று எனக்குத் தெரியாது. மின்விசிறி தெரியும். மெஷின் தெரியும். மெஷினில் உட்கார்ந்தால் என் முதுகு தெரியும். காலண்டர் தெரியாது, கதவு மறைக்கிறது. நான் பார்த்துப் பார்த்துப் பெலன் எடுத்துக்கொண்ட அந்த வசனம் அவர் கண்ணில் ஒரு நாளும் பட்டதில்லை. அவர் பார்த்ததெல்லாம் என் முதுகை.

அப்போது அவர் இடது கையைத் தூக்கி மேலே காட்டினார். நின்றுகொண்டு பார்க்கும்போது அது கூரைக்கும் மேலே எங்கோ காட்டுவது மாதிரிதான் இருக்கும். படுத்துக்கொண்டு அந்த விரலின் நேரே பார்த்தேன். கூரை இல்லை. அலமாரி மேல் ஒரு நீலப் பிளாஸ்டிக் உறை நீட்டிக்கொண்டிருந்தது.

உன் சட்டைப் பாக்கெட்.

பாப்பா, சபை முழுக்க எழுந்து நின்று கைதட்டியது இந்தப் பாக்கெட்டுக்காக. நீ எழுந்து போனதும் இதற்காகத்தான். நம் இரண்டு பேருக்கும் தெரியாமலே.

நர்ஸம்மா ஸ்டூல் போட்டு எடுத்துக் கொடுத்தாள். வலது கையை மட்டும் அவள் நுழைத்துவிட்டாள். மற்றதை எல்லாம் அவரே செய்தார். ரொம்ப நேரம் ஆயிற்று. உதவப் போன என் கையைத் தட்டிவிட்டார். கடைசிப் பட்டையை ஒட்டிவிட்டு என்னைப் பார்த்தார் பார், எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. அப்புறம் இருட்டும்வரை சர், சர் என்று பிரிப்பதும் ஒட்டுவதுமாக இருந்தார்.

அவருக்கு என்ன வேண்டும் என்று தினமும் கடவுளிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். அவரிடம் கேட்கவே இல்லை.

நீ எழுதிய அந்த அடுத்த வரியை நானும் எடுத்துப் படித்தேன். என்னை அடிக்கத்தான் அதை எடுத்தாய், தெரியும். வலித்தது. ஆனால் பட வேண்டிய இடத்தில்தான் பட்டது. குளிப்பாட்ட நர்ஸம்மா வரட்டும் என்று ஒத்துக்கொண்டேன். ‘மனரம்மியம்’ என்ற வார்த்தையைச் சின்ன வயதிலிருந்து கேட்கிறேன். ஏதோ பூந்தோட்டத்தில் உட்கார்ந்திருப்பது மாதிரி நினைத்திருந்தேன். சிறையிலிருந்து எழுதிய வார்த்தை என்று இப்போதுதான் மனதில் பட்டது.

மையத்தைப் பற்றி அவரிடம் கேட்டுவிட்டேன். வேண்டாம் என்று கையை ஆட்டினார். அதனால் அந்தக் கட்டிலை வேறு யாருக்காவது கொடுக்கச் சொல்லிவிடு. நீ விடுமுறைக்கு வா. செருப்பை மட்டும் மாற்றிக்கொண்டு வா.

அண்ணி


மார்ச் 19

அன்புள்ள அண்ணிக்கு,

சிரித்தேன். சோதனைக்கூடத்தில், எல்லோரும் இருக்கும்போது. என்ன என்று கேட்டார்கள். "எங்க வீட்டு விஷயம்" என்றேன். பிறகு ஓய்வறைக்குப் போய் முகம் கழுவிக்கொண்டேன். காரணம் சிரிப்பு மட்டும் இல்லை.

ஆனால் ஒரு கேள்வி. கோபப்படாமல் படியுங்கள்.

மையத்தைப் பற்றி அண்ணனிடம் எப்படிக் கேட்டீர்கள்? என்ன வார்த்தையில்? எனக்கு ஒரு சந்தேகம். "என்னை விட்டுட்டுப் போயிடுவீங்களா?" என்றுதான் கேட்டிருப்பீர்கள். அதற்கு எந்த மனிதரும் கையை இல்லை என்றுதான் ஆட்டுவார். போன தடவை அந்தக் கையைப் பரலோகம் என்று வாசித்தீர்கள். இந்தத் தடவையும் உங்களுக்கு வேண்டியதையே வாசித்துவிட்டீர்களோ என்று பயப்படுகிறேன்.

நானும் யோக்கியம் இல்லை. கட்டிலை ஒதுக்கச் சொன்னபோது, அவரைக் கேட்க வேண்டும் என்று எனக்கும் தோன்றவில்லை. உங்களை ஒத்துக்கொள்ள வைத்தால் போதும் என்று நினைத்தேன். நாம் இருவரும் அவரை நடுவில் வைத்துக்கொண்டு கயிறு இழுத்துக்கொண்டிருந்தோம்.

எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. ஒரு முடிவு நமக்குப் பிடித்ததாக வந்துவிட்டால், அன்றைக்கே வேறு ஒருவரைக் கூப்பிட்டு, திருப்பிப் போட்டு மறுபடி சோதிக்கச் சொல்வோம். நர்ஸம்மா கேட்கட்டும். நீங்கள் அவர் கண்ணில் படாத இடத்தில் நில்லுங்கள். உங்கள் முகத்தைப் பார்த்தால் அவர் உங்களுக்காகத்தான் பதில் சொல்வார். இரண்டு பக்கமும் கேட்கட்டும், இங்கேயே இருக்கலாமா என்றும், அங்கே போகலாமா என்றும். ஆமாம் என்றால் என்ன செய்ய வேண்டும் என்று முன்னாலேயே பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

வேண்டாம் என்று வந்தால் அன்றைக்கே கட்டிலை விட்டுவிடுவேன். பிறகு என் வாயிலிருந்து அந்தப் பேச்சு வராது. சத்தியம் செய்ய என்னிடம் ஏற்ற புத்தகம் இல்லை. அண்ணன் மேல் ஆணையாகச் சொல்கிறேன்.

கட்டில் விஷயம் இன்னும் பத்து நாள்தான் நிற்கும்.

பாப்பா


மார்ச் 26

அன்புள்ள பாப்பாவுக்கு,

நீ பக்கத்து அறையில் ஒளிந்துகொண்டு கேட்டாயோ என்று சந்தேகமாக இருக்கிறது. நான் கேட்டது அச்சு அசலாக அதே வார்த்தைதான். "என்னை விட்டுட்டு அவ்வளவு தூரம் போயிடுவீங்களா?" அது கேள்வியே இல்லை, சுருக்குக் கயிறு.

நீ சொன்னபடியே செய்தோம். ஆமாம் என்றால் சட்டைப் பட்டையைப் பிரிக்க வேண்டும், இல்லை என்றால் சும்மா இருக்க வேண்டும் என்று நர்ஸம்மா அவருக்குச் சொல்லிக் கொடுத்தாள். நான் சமையலறைக் கதவுக்குப் பின்னால் நின்றேன். இடுப்பு இன்னும் வலிக்கிறது, கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

அவள் நல்ல சத்தமாக, கடையில் சாமான் கேட்பது மாதிரி கேட்டாள். "அண்ணே, இங்கயே இப்படியே இருந்துக்கலாமா?"

சத்தம் இல்லை. நான் காத்துக்கொண்டிருந்தேன். அடுப்பில் பால் பொங்குகிற மாதிரி இருந்தது, அணைக்கக்கூட நகரவில்லை. சத்தம் இல்லை.

"தங்கச்சி ஊருக்குப் போயி மூணு மாசம் பயிற்சி எடுத்துக்கலாமா?"

சர்.

அவள் விடவில்லை. திருப்பிப் போட்டுக் கேட்டாள், நீ சொல்லியிருந்தாயே. போகலாமா என்றதற்கு மறுபடி அதே. சர். அந்தச் சத்தம் இவ்வளவு பெரிதாக இருக்கும் என்று நான் நினைக்கவில்லை.

பால் பொங்கி வழிந்துவிட்டது. துடைத்தேன். துடைத்த இடத்தையே மறுபடி துடைத்தேன். இத்தனை நாளும் அவரைத் தாங்கத்தான் பெலன் கேட்டேன். அவர் இல்லாமல் இருப்பதற்குப் பெலன் கேட்க வேண்டி வரும் என்று நினைத்ததில்லை. மெஷினுக்குப் போனேன். எதிரில் காலண்டர். கண்ணை மூடாமலே பேசினேன். ‘அவர் கை குணமாக வேண்டும் என்று இன்றைக்குக் கேட்கவில்லை. அதை நீர் பார்த்துக்கொள்ளும். அந்தக் கட்டில் காலியாகக் கிடக்கும்போது, அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டு நான் உட்கார்ந்து தைக்க வேண்டும். அதற்கு மட்டும் பெலன் தாரும்’ என்றேன். ரொம்ப நாளுக்குப் பிறகு கடவுளிடம் பேரம் பேசாமல் பேசினேன். பேசி முடித்ததும் பெரிதாக ஒன்றும் ஆகிவிடவில்லை. பாதியில் நின்ற ஒரு பாவாடைக்கு ஓரம் அடித்தேன். ஓரம் நேராக வந்தது.

சனிக்கிழமை வண்டியில் வருகிறோம். அவரை விட்டுவிட்டு நான் ஞாயிறு மாலை திரும்ப வேண்டும். தைக்கக் கொடுத்தவர்கள் காத்திருக்கிறார்கள். அவருடைய எல்லாச் சட்டையிலும் கத்தரி வைத்துவிட்டேன். பட்டனை எடுத்து, அதே பட்டனை மேல் துணியில் அலங்காரத்துக்குத் தைத்து, அடியில் ஒட்டுப்பட்டை கொடுத்திருக்கிறேன். பார்க்கிறவர்களுக்குப் பட்டன் சட்டைதான். நீ வாங்கி வந்த சட்டையின் கோணல் தையலையும் பிரித்து மறுபடி அடித்துவிட்டேன், மனது கேட்கவில்லை. முதல் சட்டையில் கத்தரியை வைத்து வைத்து எடுத்தேன். இரண்டாவதை ஒரே மூச்சில் வெட்டினேன். பட்டன் வரிசையைப் பிரித்தபோது ‘ஒப்புக்கொண்டேன்’ என்று நினைத்தேன். ஆனால் தோற்றுப்போன மாதிரி இல்லை. அவர் உடம்புக்கு இப்போதுதான் சரியாக அளவு எடுத்த மாதிரி இருந்தது.

போன ஞாயிறு சபைக்குப் போனேன். சாட்சி நேரத்தில் எழுந்தேன். முன்னால் இருந்த நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். என் பெலத்தில் நின்றேன் என்று நான் சொல்ல மாட்டேன், நீ என்ன நினைத்தாலும் சரி. மைக்கை வாங்கி, "போன மாசம் இவர் பரலோகத்தைக் காட்டினார்னு சொன்னேன். அவர் காட்டினது அலமாரிக்கு மேல நான் ஒளிச்சு வெச்ச சட்டையை" என்றேன். யாரோ சிரித்தார்கள். அப்புறம் நிறையப் பேர் சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டு, "அவருக்குக் குணமாகலை. பயிற்சிக்குப் போறார். நான் தனியா இருக்கப் போறேன். சந்தோஷமா இருக்க இன்னும் கத்துக்கலை, கத்துக்கிட்டிருக்கேன். அதுவரைக்கும் கர்த்தர் தாங்குறார். இதுதான் என் சாட்சி" என்றேன். இந்தத் தடவை யாரும் கைதட்டவில்லை. பாஸ்டர் மைக்கை வாங்கி உடனே அடுத்த பாட்டைச் சொல்லிவிட்டார். பாஸ்டரம்மா என்னோடு பேசவில்லை.

வெளியே வரும்போது ஒரு பெண், கடைசி வரிசையில் உட்கார்ந்துவிட்டு ஆசீர்வாதத்துக்கு முன்னாலேயே கிளம்பிப் போய்விடுவாள், என் கையைப் பிடித்துக்கொண்டாள். "அந்தச் சட்டை மாதிரி என் மகளுக்கு ஒரு கவுன் தைச்சுத் தருவீங்களா? அவளுக்குக் கை மடங்காது. இங்க கேக்கக் கூச்சமா இருந்துச்சு" என்றாள். எத்தனை வருஷமாக ஒரே சபையில் இருக்கிறோம், அவளுக்கு மகள் இருப்பதே எனக்குத் தெரியாது. செவ்வாய்க்கிழமை அளவு எடுக்கப் போனேன்.

நீ தினமும் இரண்டு வேளை போய்ப் பார்ப்பதாக எழுதியிருக்கிறாய். அது நல்ல காரியம். இதை உன் அண்ணன் சம்சாரமாக மட்டும் சொல்லவில்லை, அந்த அடுத்த வரியைப் படித்தவளாகவும் சொல்கிறேன். அவருக்குச் சூடு ஆகாது, ஆறவைத்துக் கொடு. காது கேட்கும், அதை மறந்துவிடாதே. எந்தக் கேள்வியையும் இரண்டு பக்கமும் கேள்.

கடைசியாக ஒன்று. இதை எழுதலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டே இருந்தேன். நேற்று மத்தியானம், அந்தச் சட்டையைப் போட்டுக்கொண்டுதான் படுத்திருந்தார், மறுபடி இடது கையைத் தூக்கி மேலே காட்டினார். முகம் தெளிவாக இருந்தது. நர்ஸம்மாவைக் கூப்பிட்டு ஸ்டூல் போட்டு ஏறச் சொன்னேன். அலமாரி மேல் முழுக்கக் கையால் தடவிப் பார்த்தாள். ஒன்றும் இல்லை. தூசிதான்.

இந்தத் தடவை அதற்கு நான் அர்த்தம் சொல்லவில்லை. யாரிடமும் சொல்லப் போவதும் இல்லை. அங்கே வந்த பிறகும் அப்படிக் காட்டினால், நின்றுகொண்டு பார்க்காதே. பக்கத்தில் படுத்து, அந்த விரலுக்கு நேரே பார். என்ன இருக்கிறது என்று எனக்கு எழுது.

அண்ணி